இயங்க மறுத்த மடிக்கணினியும் எமது ஆவணப் பையும்

கடந்த குளிர்காலத்தில், ஒரு ஞாயிறு பிற்பகலில், பாரிஸ் லாச்சப்பல் பகுதிக்கு அண்மையில் அமைந்த எமது அறைக்கு இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். மழையில் நனையாதிருக்கத் துவாயால் சுற்றி, சொப்பிங் பை ஒன்றினுள் இட்டுக் கொண்டுவந்த மடிக்கணினியை எடுத்து மேசைமீது வைத்தார்.

"சேர், இது இனி வேலை செய்யாதாம். மதர்போட் போயிட்டுதாம். புதுசு வாங்கட்டாம்" என்றார்.

தீர்ப்பு வழங்கியவர் திருத்தக் கடைக்காரர் ஒருவர். ஆளியை ஒருமுறை அழுத்திப் பார்த்தாராம். உட்புறத்தைத் திறந்து பார்க்கவில்லையாம். பாவித்த கணினி ஒன்றை 250 யூரோவுக்குத் தருவதற்கு மட்டும் ஆயத்தமாக இருந்தாராம். "புதுசு பிறகு வாங்கலாம் சேர். உள்ளுக்கை கிடக்கிறதை எந்தக் கடையிலை வாங்கிறது?" என்று அந்த இளைஞர் கேட்டபோது எம்மிடம் உடனடியாக மறுமொழி இருக்கவில்லை.

உள்ளே கிடந்தவை எவை என்பதை இவ்விடத்தில் கூறுதல் அவசியம். பிரான்சில் தஞ்சக் கோரிக்கை முதற்கட்டத்தில் நிராகரிக்கப்படுமாயின், அத்தீர்மானம் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதத்தினுள் தேசியப் புகலிட நீதிமன்றில் மேன்முறையீடு செய்தல் வேண்டும். எமது இளைஞருக்கு அந்த மாதத்தில் எஞ்சியிருந்தவை பதினொரு நாட்கள். மொழிபெயர்ப்பாளரிடம் கையளிப்பதற்காக அவர் இரவிரவாக எழுதிய 14 பக்க வாக்குமூலம், தகப்பனாரின் மரணச் சான்றிதழின் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், இடிந்த வீட்டின் படங்கள் ஆகிய யாவும் அக்கணினியிலேயே இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

எமக்கு அவ்வேளை நினைவுக்கு வந்தது 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் நாவற்குழி நோக்கி நடந்த அந்த இரவில், பதின்பருவத்தினராயிருந்த நாமும் அக்கூட்டத்தில் ஒருவர். எமது தாயார் சோறு சமைத்த பானையை விட்டுவந்தார். ஒரு பையை மட்டும் கைவிடவில்லை. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அடையாள அட்டைகள், பரீட்சைப் பெறுபேறுகள் ஆகியவற்றைப் பொலித்தீனில் பொதிந்து அதனுள் வைத்திருந்தார். இன்று புலம்பெயர்ந்து வாழும் எம்மவரில் பலருக்கு அந்தப் பையின் இடத்தை மடிக்கணினி எடுத்துக்கொண்டுள்ளது. எனவே அது இயங்க மறுக்கும்போது செய்யவேண்டியவை எவை, செய்யக்கூடாதவை எவை என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று.

ஒரு வேளையில் ஒரு மாற்றம்

நாம் கணினிப் பொறியியலாளர் அல்லர். பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் அளவையியல் கற்பித்தவர். இலங்கையில் உயர்தர வகுப்பில் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடத்தைப் பயின்ற வாசகர்களுக்கு ஜே. எஸ். மில் என்ற ஆங்கிலத் தத்துவஞானியின் பெயர் மறந்திராது. 1843 இல் வெளியான தமது அளவையியல் நூலில் அவர் வேற்றுமை முறை என்ற ஒன்றை விளக்கினார். இரு சந்தர்ப்பங்கள் ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்திருந்து, விளைவு ஒன்றில் தோன்றி மற்றதில் தோன்றாவிடின், அந்த ஒரே வேறுபாட்டிலேயே காரணம் தங்கியுள்ளது என்பது அதன் சாரம். பழுது கண்டுபிடிக்கும் கலை முழுவதும் இதனுள் அடங்கும். பதற்றத்தில் பத்து விடயங்களை ஒருங்கே மாற்றுபவருக்குக் கணினி தற்செயலாக இயங்கினாலும் காரணம் தெரியவராது. நாளை அது மீண்டும் நின்றுவிடும்.

ஆகவே இளைஞரை அமரச்செய்து, தேநீர் கொடுத்து, முதலில் வினாக்களைக் கேட்டோம். ஆளியை அழுத்தினால் விளக்கு எரிகிறதா? விசிறி சுழல்கிறதா? திரையில் தயாரிப்பாளரின் சின்னமாவது தோன்றுகிறதா? இம்மூன்றின் விடைகளே நோயாளி எந்த வாட்டுக்கு உரியவர் என்பதைச் சொல்லிவிடும்.

விளக்கும் இல்லை, ஓசையும் இல்லை எனில்

அவ்வாறெனில் மின் உள்ளே செல்கிறதா என்பதே முதற் கேள்வி. சுவரிலுள்ள மின்குதையில் வேறொரு விளக்கைச் செருகிப் பாருங்கள். அடுத்து சார்ஜர். அதன் அடிப்பக்கத்தில் வெளியீடு என்ற இடத்தில் 19.5 வோல்ற், 3.34 அம்பியர் என்றவாறு அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 65 வோற். நண்பரின் சார்ஜரை இரவல் வாங்கிச் சோதிப்பதாயின் வோல்ற் அளவு ஒன்றாக இருத்தல் வேண்டும். அம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைதல் ஆகாது. முனையின் வடிவமும் நேர், எதிர் முனைகளின் குறியீடும் பொருந்தவேண்டும். புதிய யூ.எஸ்.பி. சி வகைக் கணினிகளில் கைத்தொலைபேசியின் சிறிய சார்ஜரைச் செருகிவிட்டு, இயங்கவில்லையே என்று வருந்துவோரையும் கண்டிருக்கிறோம். அதன் வலு போதாது.

சார்ஜர் நலமாயின் அடுத்தது எளிய வைத்தியம். சார்ஜரைக் கழற்றுங்கள், பற்றரி வெளியே எடுக்கக்கூடியதாயின் அதையும் எடுத்துவிடுங்கள். பின்னர் ஆளியை 30 விநாடிகள் இடைவிடாது அழுத்திப் பிடியுங்கள். கணினியினுள் மின்னை நிர்வகிக்கும் சிறு சில்லு சிலவேளைகளில் நடுவழியில் திகைத்து நின்றுவிடும்; எஞ்சிய மின் வடிந்தால் அது தெளிவடையும். அதன்பின் சார்ஜரை மட்டும் இணைத்து அழுத்திப் பாருங்கள். கடைக்குச் செல்ல ஆயத்தமான கணினிகள் பல இவ்வொரு செயலால் மீண்டுள்ளன.

விளக்கு எரிகிறது, திரை இருண்டுள்ளது எனில்

எமது இளைஞரின் கணினி இவ்வகையைச் சேர்ந்தது. இங்கே எழும் கேள்வி, பழுது திரையிலா, கணினியிலா என்பது. இருட்டறையில் கைவிளக்கின் ஒளியைத் திரைமீது சரிவாகப் பாய்ச்சிப் பார்த்தோம். மங்கலான உருவம் தென்படுமாயின் திரையின் பின்னொளி மட்டுமே பழுதென அறியலாம். ஒன்றும் தென்படவில்லை. அடுத்து எச்.டி.எம்.ஐ. வடத்தினால் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்தோம். அங்கு படம் வந்திருந்தால் கோப்புகளை அப்போதே பிரதி எடுத்திருக்கலாம். அங்கும் இருள்தான். எனவே பழுது உள்ளே இருந்தது.

இத்தகைய வேளைகளில் பல கணினிகள் ஒலியெழுப்பியோ விளக்கைக் கண்சிமிட்டியோ தம் நோயைத் தாமே கூறும். எத்தனை தடவை சிமிட்டினால் என்ன பழுது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுவதால், மாதிரி இலக்கத்தைக் கொண்டு அவர்களது கைநூலில் பார்த்தல் வேண்டும். எம் முன்னிருந்த கணினி மௌனம் சாதித்தது.

இருண்ட திரைக்கு அடிக்கடி காரணமாவது ராம் எனப்படும் நினைவகத் துண்டு. அது இருக்கையில் தளர்ந்தாலும் பழுதுற்றாலும் கணினி முதலடியையே எடுத்துவைக்காது. சார்ஜரைக் கழற்றி, உலோகக் குழாயைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கியபின், சிறிய ஸ்குறூ டிரைவரால் அடிமூடியைத் திறந்தோம். எடுத்த ஆணிகளை அவை இருந்த ஒழுங்கிலேயே ஒரு தாளில் ஒட்டிவைத்தோம். உள்ளிருந்த பற்றரியின் இணைப்பையும் முதலில் விடுவித்தோம். இரண்டு நினைவகத் துண்டுகள் இருந்தன.

மில் கூறிய முறை இங்கேதான் கைகொடுத்தது. இரண்டையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் பொருத்தினோம். இருள். அதை நீக்கி மற்றதை அதே இடத்தில் பொருத்தினோம். ஏறத்தாழ ஒரு நிமிடம் ஒன்றும் நிகழவில்லை. நினைவகத்தை மாற்றியபின் முதற்தடவை கணினி தன்னைத் தானே பரிசோதிக்கச் சற்று நேரம் எடுக்கும் என்பதால் அவசரப்படாது காத்திருந்தோம். திரையில் சின்னம் தோன்றியது. இளைஞர் எழுந்து நின்றார். "பொறும் தம்பி" என்று கூறி, அத்துண்டை அடுத்த இருக்கைக்கு மாற்றியும் சோதித்தோம். அங்கும் இயங்கியது. ஆகவே இருக்கைகள் இரண்டும் நலம், தாய்ப்பலகையும் நலம், நினைவகத் துண்டு ஒன்று மட்டுமே பழுது. கடைக்காரரின் 250 யூரோத் தீர்ப்பு இவ்வாறு தள்ளுபடியானது.

மெல்லிய புதிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையுடனேயே ஒட்டப்பட்டிருக்கும் என்பதையும் கூறியாகவேண்டும். அவற்றில் இவ்வைத்தியம் பலியாது.

சின்னம் தோன்றி, அதற்கப்பால் செல்லாவிடின்

இவ்வகைப் பழுதே ஆவணங்களுக்கு மிகவும் ஆபத்தானது. பழுதினாலன்று, நாம் கொடுக்கும் மறுமொழியினால். விண்டோஸ் சிலமுறை தோல்வியுற்றபின் திருத்தப் பட்டியல் ஒன்றைக் காட்டும். அதில் கணினியை மீளமைக்கும் தெரிவினுள் நுழைந்தால் இரு வழிகள் முன்வைக்கப்படும். பிரெஞ்சுக் கணினியில் கொன்சர்வே மே ஃபிஷியே என்பது எனது கோப்புகளை வைத்திரு என்றும், சுப்ரிமே தூ என்பது யாவற்றையும் அழி என்றும் பொருள்படும். ஜேர்மன் கணினியில் அல்லெஸ் என்ட்பெர்னன் என்பதும் அவ்வாறே யாவற்றையும் அழிப்பதாகும். மொழி புரியாத இரவில் ஏதோ ஒன்றை அழுத்தித் தம் பிள்ளைகளின் படங்களை இழந்த தாய்மாரை நாம் அறிவோம். பொருள் தெரியாத பொத்தானை அழுத்தாதீர்கள். காத்திருப்பதால் கோப்பு அழிவதில்லை.

வன்தட்டு டிக் டிக் என ஓசையெழுப்புமாயின் உடனே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் சேதத்தைக் கூட்டக்கூடும். ஓசை எதுவுமின்றி விண்டோஸ் மட்டும் குழம்பியிருந்தால், லினக்ஸ் நிறுவிய யூ.எஸ்.பி. துண்டு ஒன்றின் மூலம் கணினியை எழுப்பிக் கோப்புகளைப் பிரதி செய்யலாம். சேமிப்பகத்தைக் கழற்றி, அதற்குரிய யூ.எஸ்.பி. உறையில் இட்டு, வேறொரு கணினியில் வாசிக்கவும் இயலும். கணினி இறந்தாலும் அதன் சேமிப்பகம் பெரும்பாலும் உயிருடன் இருக்கும் என்பதே இக்கட்டுரையில் வாசகர் மனங்கொள்ளவேண்டிய முதன்மையான செய்தி.

இதற்கு இரு விலக்குகள் உள. சேமிப்பகம் பிற்லொக்கர் என்ற முறையால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் இன்றித் திறக்காது. உங்கள் மைக்ரோசொப்ற் கணக்கில் அது பதியப்பட்டுள்ளதா என இப்போதே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். 2020 இன் பிற்பகுதி முதல் வெளியான, ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட மடிக்கணினிகளில் சேமிப்பகத்தைக் கழற்றி வேறெங்கும் வாசிக்க முடியாது. அவற்றை வைத்திருப்போருக்கு முற்கூட்டிய பிரதி ஒன்றே பாதுகாப்பு.

கைவைக்கக் கூடாத இடங்கள்

பற்றரி வீங்கி அடிமூடியோ விசைப்பலகையோ மேலெழுந்திருந்தால் சார்ஜ் செய்யாதீர்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். லிதியம் அயன் பற்றரி தீப்பற்றக்கூடியது. தேநீர் சிந்தினால் உடனே சார்ஜரை அகற்றி, ஆளியை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். உலர்ந்ததா எனச் சோதிப்பதற்காக அழுத்திப் பார்ப்பதே பல பலகைகளை எரித்த செயல்.

பிறரிடம் கையளிக்க நேர்ந்தால், தஞ்சம் கோருவோர் மேலும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். உங்கள் வாக்குமூலத்தில் உங்கள் பெயர் மட்டும் இல்லை. ஊரில் இன்னமும் வாழ்வோரின் பெயர்களும் உள்ளன. ஆகவே முடியுமாயின் சேமிப்பகத்தைக் கழற்றி வைத்துக்கொண்டே கணினியைக் கடைக்குக் கொடுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒட்டிக் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். 2009 இல் அம்ஸ்ரர்டாமில் தொடங்கப்பட்ட றிப்பயர் கஃபே எனும் தொண்டர் திருத்தக் கூடங்கள் இன்று ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நடைபெறுகின்றன. அங்கு உரியவரும் திருத்துபவருடன் அமர்ந்து, கண்முன்னாலேயே திருத்துவது வழமை. உழைப்புக்குப் பணம் கேட்பதில்லை. விரும்பியதை உண்டியலில் இடலாம்.

அன்றிரவு

கணினி எழுந்ததும் இளைஞர் முதலில் தமது வாக்குமூலத்தைத் திறப்பார் என எதிர்பார்த்தோம். அவர் திறந்தது தகப்பனார் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் ஒரு படத்தை. சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு மூடினார். பின்னர் இரு யூ.எஸ்.பி. துண்டுகளில் யாவற்றையும் பிரதி செய்தோம். ஒன்று அவரிடம் சென்றது. மற்றது வேறு நகரில் வாழும் அவரது சகோதரியிடம் இப்போது உள்ளது. மேன்முறையீடு உரிய நாளுக்குள் சென்றடைந்தது. விசாரணைத் திகதிக்காக அவர் காத்திருக்கிறார். கணினி ஒற்றை நினைவகத் துண்டுடன் சற்று மெதுவாக, ஆனால் பழுதின்றி இயங்குகிறது.

வாசகர்களே, எமது தாயாரிடம் இருந்தது ஒரே பை. அது ஆற்றில் விழுந்திருந்தால் எமக்கு வேறு சான்று இருந்திராது. உங்களுக்கு அந்த நிலை இல்லை. இப்பத்திரிகையை மடித்து வைத்தபின், இயங்கிக்கொண்டிருக்கும் உங்கள் கணினியைத் திறந்து, இழக்கவொண்ணாத கோப்புகளை இரண்டாம் இடம் ஒன்றில் இன்றிரவே பிரதி செய்யுங்கள். அரை மணி நேரம் செலவாகும்.