யப்பான் தனக்கென்று செய்ததும் நமக்கு வந்து சேர்ந்ததும்

ஒக்லாந்துக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பம் முதன்முதலில் காசு சேர்த்து வாங்கும் பெரிய பொருள் பெரும்பாலும் ஒரு பழைய யப்பானியக் காராகத்தான் இருக்கும். திறப்பைத் திருகியவுடன் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் மிகப் பணிவாக ஏதோ சொல்லும். காரைப் பின்னால் எடுத்தால் வெளியே நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. ஓட்டுபவரின் காதுக்குள் மட்டும் 'பீப் பீப்' என்று ஒலிக்கும். திரையில் தெரியும் வரைபடத்தில் நாம் இன்னும் யப்பானில்தான் நிற்போம். றேடியோவைத் திருகினால் இவ்வூர் நிலையங்களில் பெரும்பாலானவை பிடிபடா. வாங்கிய முதல் கிழமையில் இவற்றைக் கண்டு சிரிக்காத வீடு இல்லை. இவை ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கின்றன என்று அறிந்துகொண்டால் காசு மிச்சம். சிலவேளை உயிரும் மிச்சம்.

விநோதம் என்று நமக்குத் தோன்றும் யப்பானியப் பொருட்களில் பல, வெளிநாட்டுக்கு விற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை யப்பானியர் தமது வீட்டுக்கும் தமது தெருவுக்கும் அளவெடுத்துச் செய்தவை. நிசான் நிறுவனம் 1991 இல் வெளியிட்ட பிகாரோ என்ற சின்னக் கார் ஒரு விளையாட்டுப் பொருள் போலவே இருக்கும். 20,000 கார்கள் மட்டுமே செய்தார்கள். வாங்க விரும்பியவர்கள் அதைவிட அதிகம் என்பதால் சீட்டுக் குலுக்கி விற்றார்கள். அதே நிறுவனத்தின் கியூப் காரில், 2002 முதல் வந்த இரண்டாம் தலைமுறையில், பின்கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் வளைந்து திரும்பியிருக்கும், மறுபக்கம் தகரம். இப்படியான கார்களை இன்றும் ஒக்லாந்துத் தெருக்களில் காணலாம்.

இவை இங்கே எப்படி வந்தன? யப்பானில் கார் வைத்திருப்பவர் 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். புதிய காருக்கு முதல் முறை மூன்றாம் ஆண்டில். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பரிசோதனை, வரி, காப்புறுதி எல்லாம் ஒரேயடியாக வந்து விழும். காருக்கு வயது ஏற ஏற, அதை வைத்திருக்கும் செலவு அதன் பெறுமதியை நெருங்கிவிடும். கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: அங்கே புத்தகப் பெறுமதி பூச்சியத்தை நெருங்கிய சொத்துக்கு இங்கே இன்னும் பத்து ஆண்டுப் பயன் மிச்சமிருக்கிறது. யப்பானும் நியூசிலாந்தும் இலங்கையும் இடது பக்கம் ஓட்டும் நாடுகள் என்பதால் சுக்கானை இடம் மாற்றும் வேலையும் இல்லை. 1980களின் இறுதியில் நியூசிலாந்து பாவித்த கார்களுக்குக் கதவைத் திறந்தது. 1998 இல் கார் இறக்குமதித் தீர்வையை அறவே நீக்கியது. இங்கே கார் பொருத்திக்கொண்டிருந்த தொழிற்சாலைகளும் அதே ஆண்டில் மூடப்பட்டன. நாம் மலிவு விலையில் கார் ஓட, வேலை இழந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

இனி அந்தப் பெண்குரல். யப்பானின் அதிவேக வீதிகளில் காசு வாங்கும் வாயில்களில் நிற்காமல் போவதற்கு 2001 முதல் நாடு முழுவதும் ஈ.ரி.சி. என்ற மின்னணு முறை வந்தது. காருக்குள் ஒரு சிறு பெட்டி. அதற்குள் ஓர் அட்டை. அட்டை இல்லாமல் வாயிலுக்குப் போனால் தடை திறக்காது என்பதால், கார் புறப்படும்போதே 'அட்டை செருகப்படவில்லை' என்று அந்தக் குரல் எச்சரிக்கிறது. ஒக்லாந்துக்கு வடக்கே ஒரேவாப் பக்கம் 2009 இல் திறந்த கட்டண வீதியில் கமெராதான் எண்தகட்டைப் படிக்கிறது. அட்டைக்கு வேலையே இல்லை. ஆகவே கராஜில் சொல்லி அந்தப் பெட்டியின் இணைப்பைக் கழற்றிவிடலாம். கார் ஓடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 'கார் ஏதோ பிழை சொல்கிறது' என்று பயந்து பரிசோதனைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

றேடியோவின் கதை நம்மவர்களை நேரடியாகத் தொடுவது. யப்பானில் எப்.எம். ஒலிபரப்பு நீண்டகாலமாக 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையிலேயே நடந்தது. அண்மைக் காலத்தில்தான் 95 வரை நீட்டினார்கள். நியூசிலாந்தில் அது ஏறக்குறைய 88 முதல் 108 வரை. தமிழ் உட்படப் பல மொழிகளுக்கு நேரம் ஒதுக்கும் ஒக்லாந்தின் சமூக வானொலி பிளனட் எப்.எம். 104.6 இல் இருக்கிறது. அதாவது யப்பானியக் காரின் றேடியோவுக்கு அது எட்டாத உயரம். இதற்கு மருந்து, அன்ரெனாவுக்கும் றேடியோவுக்கும் நடுவே பொருத்தும் ஒரு சிறு கருவி. இங்கே அதை 'பாண்ட் எக்ஸ்பாண்டர்' என்பார்கள். வருகிற அலையெண்ணிலிருந்து ஒரு குறித்த தொகையை அது கழித்துவிடும். கழிக்கும் தொகை 16 என்றால், 104.6 என்பது 88.6 ஆகிவிடும். றேடியோவை 88.6 இல் வைத்தால் தமிழ் கேட்கும். எவ்வளவு கழிக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். வாங்கும்போது கேட்டு ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

காருக்குள் ஒட்டியிருக்கும் சிறு தாள்களும் பயனற்றவை அல்ல. எண்ணெய் மாற்றிய திகதி, பட்டி மாற்றிய திகதி எல்லாம் பெரும்பாலும் யப்பானியப் பேரரசர் காலக் கணக்கில் இருக்கும். ஹெய்செய் ஆண்டோடு 1988 ஐக் கூட்டினால் நமது ஆண்டு வரும்: ஹெய்செய் 17 என்றால் 2005. 2019 இல் தொடங்கிய ரெய்வா ஆண்டோடு 2018 ஐக் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டலைத் தெரிந்தவர், பட்டி மாற்றிய காரா மாற்றாத காரா என்பதை விற்பவரைக் கேட்காமலே அறியலாம். முன் இருக்கைக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் ஒரு சிவப்புக் குழாய் இருந்தால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். அது விபத்து நேரத்தில் கொளுத்தி வைக்கும் எச்சரிக்கைத் தீவட்டி. யப்பானில் ஒவ்வொரு காரிலும் சட்டப்படி இருக்க வேண்டியது.

வீட்டுக்குள் வரும் பொருட்களில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். மின்சார றைஸ் குக்கரை எடுத்துக்கொள்வோம். 1955 இல் தோஷிபா வெளியிட்ட முதல் தானியங்கிக் குக்கரை உருவாக்கியவர் மினாமி யொஷிதாதா என்ற சிறு தொழிற்சாலை உரிமையாளர். சோறாக்கிச் சோறாக்கிப் பரிசோதித்தவர் அவரது மனைவி பூமிகோ. வெளிப் பானையில் ஊற்றிய தண்ணீர் வற்றியதும் வெப்பம் 100 பாகைக்கு மேலே ஏறும். அந்த ஏற்றமே ஆளியைத் தானாக நிறுத்தும். எளிய யோசனை. ஆனால் யப்பானின் மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. யப்பானுக்குப் போய் வருபவர் ஆசையோடு வாங்கி வரும் குக்கரை நேரே இங்கே செருகினால், வெப்பம் இரண்டு மடங்கல்ல, ஐந்து மடங்குக்கு மேல் ஏறும். 2.3 ஐ 2.3 ஆல் பெருக்கிப் பாருங்கள். குக்கர் எரியும், வீடும் எரியலாம். அடியில் உள்ள தகட்டில் 100 மட்டும் எழுதியிருந்தால், அதன் வாற்று அளவைத் தாங்கக்கூடிய மின்மாற்றி இல்லாமல் தொடக்கூடாது.

உயிர் சம்பந்தமான இன்னொன்று காற்றுப்பை. தக்காத்தா என்ற யப்பானிய நிறுவனத்தின் காற்றுப்பைகளுக்குள் இருந்த இரசாயனம், வெப்பத்தாலும் ஈரத்தாலும் நாட்பட்டுக் கெட்டு, விபத்தின்போது உலோகத் துண்டுகளைச் சிதறவிட்டது. நியூசிலாந்து அரசு 2018 ஏப்ரலில் அவற்றில் ஆபத்து மிகுந்த ரகத்தைக் கட்டாயமாகத் திருப்பி அழைத்தது. ஏறக்குறைய 50,000 வாகனங்கள். பாவித்த கார் வாங்கியவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. தயாரித்தவரிடம் இருப்பது யப்பானில் அதை முதலில் வாங்கியவரின் முகவரி. நமது முகவரி அல்ல. கடிதம் வரவில்லை என்பதற்காகக் குறை இல்லை என்று கொள்ளக்கூடாது. வாங்க முன் காரின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து, திருப்பி அழைக்கப்பட்டதா, திருத்தப்பட்டதா என்று முகவரிடம் கேட்டுவிடுங்கள். இந்தத் திருத்தத்துக்குக் காசு இல்லை.

பிறர் பாவித்ததை வாங்கி நம் தேவைக்கு வளைப்பது நமக்குப் புதிதுமல்ல. ஹொண்டாவின் சுப்பர் கப் 1958 இல் வந்தபோது, ஒரு கையில் உணவுத் தட்டைத் தாங்கிப்போகும் கடைப் பையனும் ஓட்ட வேண்டும் என்பதற்காகக் கிளச் கைப்பிடி இல்லாமல் செய்தார்கள். அதே வழியில் யப்பானியத் தபாற்காரருக்காகச் செய்த சிவப்பு எம்.டி. 90 பாவித்த பொருளாக இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஆசிரியரையும் மீன் வியாபாரியையும் சுமந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமற் போனபோது, சில துளி பெற்றோலில் உதைத்துக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓட்டினோம். கைவிளக்குக்கு பற்றரியும் இல்லாத நாட்களில், சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோவில் செய்தி கேட்டோம். அந்தப் பொருட்களைச் செய்த யப்பானியப் பொறியியலாளர் எவரும் கற்பனை பண்ணியிராத பாவனை இவை.

ஒக்லாந்தில் நம் அயலவரான சமோவா மக்கள் இந்தக் கணக்கை ஒரு நாட்டளவில் செய்து காட்டினார்கள். சமோவாவில் வாகனங்கள் வலது பக்கம் ஓடின. நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு மலிவான கார் அனுப்ப வசதியாக, 2009 செப்டெம்பர் 7 ஆம் திகதி முழு நாடும் இடது பக்கத்துக்கு மாறியது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளின் உதவி ஊருக்கு வந்து சேர, அரசு வீதியையே மாற்றிக் கொடுத்தது.

நம் ஊருக்கு அப்படி ஒரு கார் அனுப்புவது இலேசல்ல. இலங்கை 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 இல்தான் திரும்பத் திறந்தது. தீர்வையோ காரின் விலையையே விழுங்கும். ஆனால் அறிவுக்குத் தீர்வை இல்லை. புதிதாக வந்து முதற்கார் பார்க்கும் குடும்பத்தோடு ஒரு சனிக்கிழமை போய், அடிச்சட்ட எண்ணைச் சரிபார்த்து, ஹெய்செய் ஆண்டைக் கூட்டிச் சொல்லி, றேடியோவில் தமிழ் கேட்கச் செய்து கொடுத்தால், ஆயிரம் டொலர் கொடுத்ததற்குச் சமம்.