மனச்சோர்வும் மதுவும்

ஸ்விட்சைப் போட்டால் விளக்கு உடனே எரிகிறது. மனச்சோர்வு நோய்க்குத் தரப்படும் ஃபுளூவாக்ஸெட்டின் மாத்திரை அப்படியன்று. 1953-ல் மூளையில் கண்டறியப்பட்ட செரோட்டோனின், நரம்புச் செல்கள் செய்தி அனுப்பச் சுரக்கும் பொருள். அது திரும்ப உறிஞ்சப்படுவதை மாத்திரை சில மணி நேரத்திலேயே தடுத்துவிடுகிறது. மனம் தெளியவோ சில வாரங்கள் ஆகின்றன! செரோட்டோனின் குறைவுதான் நோய் என்றால் இத்தாமதம் ஏன்? நரம்புகள் மெல்லத் தம்மை மாற்றியமைத்துக் கொள்கின்றன என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மதுவும் செரோட்டோனின் ஏற்பிகள் சிலவற்றைத் தூண்டுகிறது. கவலை மறக்கக் குடிப்பதாகச் சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். தொடர்ந்த குடியே மனச்சோர்வைக் கொண்டுவரும். அதைத் தணிக்க மீண்டும் குடி. குடியை நிறுத்திய சில வாரங்களில் பலருக்கு அச்சோர்வு தானே நீங்கிவிடுகிறது. ஆனால் நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர், மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.