கம்ப்யூட்டருக்குள் யார் யார்?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒருநாள் ஆமையாய் நகர்ந்தது. என் தையல் கணக்கு, காலமான மாமியாரின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான். மதுரையில் ஒரு கடையில், "வைரஸும்மா, எல்லாத்தையும் அழிச்சாத்தான் சரியாகும்" என்றார்கள். எனக்குப் பகீரென்றது.

காலேஜில் படிக்கும் மகன், "இரும்மா, முதல்ல பார்ப்போம்" என்று கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினான். டாஸ்க் மேனேஜர் திறந்தது. நாம் கூப்பிடாமலே உள்ளே ஓடும் புரோகிராம்களின் பட்டியல் அது. 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்று வரிவரியாக இருந்தது. "இவன்தான் திருடன்!" என்று நிறுத்தப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான். அது விண்டோஸின் சொந்த வேலையாளாம். நெட், சவுண்டு, அப்டேட் எல்லாம் அதன் பொறுப்பு.

சந்தேகம் வந்தால், பெயர்மேல் மௌஸின் வலது பட்டனை அமுக்கி 'ஓபன் ஃபைல் லொகேஷன்' பாருங்கள். சர்வீஸ் ஹோஸ்டின் வீடு, விண்டோஸுக்குள் 'சிஸ்டம்32'. டவுன்லோட்ஸில் குடியிருந்தால் வேஷக்காரன்! அவனை விரட்ட, மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவில் இலவசக் கருவிகள் உண்டு.

எங்கள் வீட்டில் வேஷக்காரன் யாருமில்லை. 'ஸ்டார்ட்அப்' பகுதியில், திறந்ததும் தானே ஓடிவரும் வேண்டாத ஐந்தை 'டிஸ்ஏபிள்' செய்தோம், வேகம் வந்துவிட்டது. கையோடு எல்லாவற்றையும் பென்டிரைவில் நகல் எடுத்தேன்.

கணக்கும் பிழைத்தது, மாமியாரும் பிழைத்தார்!