சொல்லும் சூழலும்: ஆங்கிலம் கற்போர் அறிய வேண்டியவை

நமது நாட்டில் ஆங்கிலம் என்பது பரீட்சைக்குரிய ஒரு பாடம் மட்டுமன்று. 1987ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அதனை இணைப்பு மொழியாக்கியது. வங்கிக் கடிதம், வெளிநாட்டு வேலைவாய்ப்பு ஒப்பந்தம், நீதிமன்ற ஆவணம் எனப் பல வடிவங்களில் அது சாதாரண குடும்பங்களின் வாசலுக்கும் வந்து சேர்கின்றது. எனவேதான் திருகோணமலை நகரை அடுத்துள்ள அன்புவழிபுரம் போன்ற ஊர்களிலும் பெற்றோர் தம் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியில் பெரும் அக்கறை காட்டுகின்றனர்.

ஆயினும் ஒரு குறை நீண்டகாலமாகத் தொடர்கின்றது. ஆங்கிலச் சொல் ஒன்றையும் அதன் எதிரே தமிழ்ச் சொல் ஒன்றையும் எழுதிப் பட்டியலாக மனனம் செய்வதே நம் மாணவர் பலரின் கற்றல் முறையாக உள்ளது. சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் தெரிந்திருந்தும் வசனம் விளங்காமல் அவர்கள் தடுமாறுவதற்கு இதுவே முதன்மையான காரணமாகும். சொல்லின் பொருளை நிர்ணயிப்பது அது வரும் சூழலே என்பதை அந்தப் பட்டியல் கற்றுத் தருவதில்லை.

திருகோணமலை மாவட்டத்திலிருந்தே இதற்கு உதாரணம் காட்டலாம். 'டாங்க்' என்னும் ஆங்கிலச் சொல் இலங்கை வழக்கில் குளத்தைக் குறிக்கும். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டபோது, ஆங்கிலத்தில் அக்குளத்தைக் குறித்தது இச்சொல்லேயாகும். சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்க் குதங்களுக்கும் இதே சொல்தான் வழங்குகின்றது. அங்குள்ள 99 குதங்கள் தொடர்பில் 2022 ஜனவரியில் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் 'டாங்க்' என்பதைக் குளம் எனக் கொண்டால் செய்தி முழுவதும் பிழைத்துவிடும். இனி, 1916ஆம் ஆண்டில் பிரித்தானியர் போர்க்களத்தில் முதன்முதலாக இறக்கிய கவச ஊர்திக்கும் இப்பெயரே நிலைத்தது. பகைவரிடமிருந்து இரகசியத்தைக் காப்பதற்காக, நீர்த்தாங்கி என எண்ணும்படி சூட்டப்பட்ட மறைபெயர் அது. ஆக, ஒரு சொல் வயலருகே குளமாகவும் துறைமுகத்தருகே குதமாகவும் போர்க்களத்தில் ஊர்தியாகவும் நிற்கின்றது.

இது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய இயல்பு என எண்ணிவிடக் கூடாது. அன்புவழிபுரம் என்ற பெயரிலுள்ள 'வழி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நடந்து செல்லும் பாதையும் வழியே. பிழைப்பதற்குரிய உபாயமும் வழியே. 'வழிவழியாக' என்னுமிடத்தில் அது பரம்பரையைக் குறிக்கின்றது. பிள்ளை புத்தகப் பையுடன் பள்ளிக்குச் சென்றது என்றால் பாடசாலையை எண்ணுகிறோம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஒருவர் பள்ளிக்குச் சென்றார் என்றால் அது பள்ளிவாசல் என்பது தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இம்மாவட்டத்தில் எவருக்கும் சொல்லாமலே விளங்கும். தாய்மொழியில் இயல்பாகக் கைவரும் இத்திறனை ஆங்கில வகுப்பின் வாசலிலேயே விட்டுவிட்டுச் செல்வதுதான் நாம் செய்யும் தவறு.

இத்திறனுக்கு நம் முன்னோர் இலக்கணமும் வகுத்துள்ளனர். பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை வினை, இனம், சார்பு ஆகிய மூன்றாலும் தெளியலாம் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறும் நெறி. உரையாசிரியர்கள் 'மா' என்னும் சொல்லைக் கொண்டு இதனை விளக்குவர். மா பூத்தது என்றால் பூத்தல் என்னும் வினையால் அது மரம் எனத் தெரியும். மருத மரத்தோடு சேர்த்துச் சொன்னால் இனத்தால் தெரியும். கவசம் பூண்டு நிற்பவன் மா கொண்டுவரச் சொன்னால், அவன் கேட்பது குதிரை என்பது சார்பினால் தெரியும். அரபு மொழியிலும் 'ஐன்' என்னும் சொல் கண்ணையும் நீரூற்றையும் குறிக்கும். குர்ஆனில் ஒரே சொல் இடத்திற்கிடம் எப்பொருளில் வருகின்றது என ஆராயும் தனித்துறையே உண்டு. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முகாத்தில் இப்னு சுலைமான் அத்துறை முன்னோடிகளுள் ஒருவர்.

வினை, இனம், சார்பு என்னும் இம்மூன்றையும் ஆங்கிலத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம். 'ஹாபர்' என்றால் துறைமுகம் என்பதைத் திருகோணமலைச் சிறுவரும் அறிவர். ஆனால் ஒருவர் குற்றவாளியை 'ஹாபர்' செய்தார் என ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால் அங்கே அச்சொல் வினையாக நிற்கின்றது. அதன் பொருள் அடைக்கலம் கொடுத்து மறைத்தல் என்பதாகும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி அது குற்றமாகும். இரு பொருள்களுக்கும் புகலிடம் என்பதே அடிப்படையாக இருப்பதையும் கவனிக்க வேண்டும்.

'அவுட்ஸ்டாண்டிங்' என்ற சொல்லும் அத்தகையதே. மாணவரின் தேர்ச்சி அறிக்கையில் அது மிகச் சிறந்த பெறுபேற்றுக்கான பாராட்டு. வங்கியிலிருந்து வரும் கடிதத்தில் கடன், தொகை, திகதி ஆகிய சொற்களுடன் வரும்போது அது இன்னும் செலுத்தப்படாத நிலுவையைக் குறிக்கும். பாராட்டு என்னும் பொருளை மட்டும் மனனம் செய்தவர் அக்கடிதத்தைப் படித்தால், செலுத்த வேண்டிய பணத்தை அறியாமல் தவணையைத் தவறவிட நேரலாம். சொற்பொருளில் ஏற்படும் மயக்கம் சில வேளைகளில் வீட்டின் பொருளாதாரத்தையே பாதிக்கும்.

எனினும் சூழலை வைத்து எதனையும் ஊகித்துவிடலாம் என்பதும் சரியன்று. சுற்றியுள்ள சொற்களே தெரியாதபோது ஊகம் வெறும் குருட்டுத் துணிவாகிவிடும். நியூசிலாந்து மொழியியலாளர் போல் நேஷன் சக ஆய்வாளர் ஒருவருடன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பிறர் உதவியின்றி ஒரு கதையை விளங்கிக்கொள்வதற்கு அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 அளவில் அறிந்திருக்க வேண்டும் எனக் காட்டுகின்றது. ஆகவே சொல்வளமும் வேண்டும், சூழலறிவும் வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. மாணவர் தம் கொப்பியில் சொல்லைத் தனியே எழுதாமல், அது வந்த வசனத்தையும் சேர்த்து எழுத வேண்டும். அதே சொல் வேறு பொருளில் மீண்டும் எதிர்ப்படும்போது அவ்வசனத்தையும் அதன் கீழே குறித்துக்கொள்ளலாம். அகராதியைப் புரட்டுவோர் முதற்பொருளோடு நின்றுவிடாது, தமது வசனத்திற்குப் பொருந்தும் பொருள் வரும்வரை தொடர்ந்து பார்க்க வேண்டும். ஆசிரியர்களும் சொல்லின் பொருள் என்ன எனக் கேட்பதற்குப் பதிலாக, இந்த வசனத்தில் அதன் பொருள் என்ன எனக் கேட்கத் தொடங்கினால் நம் பிள்ளைகள் பரீட்சையில் மட்டுமன்றி, நாளை தம் கைக்கு வரும் ஆவணங்களிலும் ஏமாறாதிருப்பர்.