காலி லாரியும் கரிவர்தனின் காரும்



ஆட்டோமொபைல் படிக்கிறேன் என்று சொன்னால் போதும், யாராயிருந்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எந்தக் கார்டா நல்ல கார்?" இத்தனை நாள் சிரித்து மழுப்பி வந்தேன். போன ஆடி மாதம் அதே கேள்வியை எங்கப்பா கேட்டார். மழுப்ப முடியவில்லை.

அப்பா அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறார். இருபது வருஷமாக அடுத்தவர் வண்டி. "நமக்குன்னு ஒரு பழைய கார் வாங்கணும். விலை கையைக் கடிக்கக்கூடாது, ஆனா மிதிச்சா இழுக்கணும். நீ படிச்சவன், நீயே சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்புக்குப் பணம் போட்டிருக்கிறார்கள். என் படிப்பை நம்பிப் பணம் போடுவது இதுதான் முதல் தடவை.

அப்பா மனதில் இருந்தது அம்பாசடர். பெரிய எஞ்சின் என்றால் பெரிய இழுவை என்பது அவர் கணக்கு. நான் அவர் லாரியை வைத்தே பேச்சை ஆரம்பித்தேன். "கல் ஏத்திட்டுப் போறப்பவும் கொட்டிட்டுத் திரும்பறப்பவும் ஒரே எஞ்சின்தானே, ஏம்ப்பா காலி வண்டி கன்னுக்குட்டி மாதிரி துள்ளுது?" அப்பா சிரித்துவிட்டார். முதல் வருஷ பிசிக்ஸில் படித்த விசை = நிறை × முடுக்கம் என்பது அவ்வளவுதான் நண்பர்களே. நாம் பரீட்சைக்குப் படித்ததை அவர் ஆக்ஸிலரேட்டரில் படித்திருக்கிறார்.

அதனால் எத்தனை குதிரை என்று மட்டும் கேட்கக்கூடாது, டன்னுக்கு எத்தனை குதிரை என்று கேட்க வேண்டும். 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசடரின் திறன் சுமார் 50 பி.எச்.பி., எடை 1,100 கிலோவுக்கு மேல். டன்னுக்கு 45 குதிரைதான் தேறும். 1983 டிசம்பரில் வந்து 2014-ல் உற்பத்தி நின்ற மாருதி 800-க்கு 796 சி.சி., மூன்று சிலிண்டர், சுமார் 37 பி.எச்.பி. ஆனால் எடை ஏறக்குறைய 650 கிலோ. வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு 57. பாதி எஞ்சின்தான், ஆனாலும் அதுதான் முந்துகிறது.

எஞ்சினை மட்டும் பெரிதாக்கினால் நேர் ரோட்டில் லாபம். எடையைக் குறைத்தால் பிரேக்கிலும் லாபம், வளைவிலும் லாபம். ஓடுகிற வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். நிறை பாதியானால் அந்த வேலையும் பாதி. டயர், பெட்ரோல் செலவும் குறையும். 1957-ல் இங்கிலாந்தில் வந்த லோட்டஸ் செவன் இப்படித்தான் சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு பெரிய கார்களை விரட்டியது. வரி மிச்சம் என்று அதைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டவர்கள் நிறைய.

அவ்வளவு தூரம் ஏன், நம்ம கோயம்புத்தூரிலேயே இதைச் செய்து காட்டியவர் எஸ். கரிவர்தன். பந்தயக் கார் என்றால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், பணக்காரர் மட்டுமே தொட முடியும் என்றிருந்த காலம். 1980-களின் கடைசியில் அவர், தெருவில் ஓடிய அதே மாருதி 800 எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் லேசான குழாய்ச் சட்டத்தில், ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தினார். பெயர் ஃபார்முலா மாருதி. சட்டமும் ஆளும் சேர்ந்து 460 கிலோ என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால்கூட டன்னுக்கு 80 குதிரை வருகிறது. ஆளோடு சேர்த்த மாருதி 800-க்கு 52தான். எஞ்சின் மாறவில்லை, தகடும் சீட்டும் கதவும்தான் போயின. ஸ்பேர் பார்ட்ஸோ எந்த ஊரிலும் கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் இந்தக் காரில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை, 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு அவர் பெயர்தான்.

இதைப் படித்த வேகத்தில் நான் செய்த கோமாளித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலை பார்க்கிற பெரம்பலூர் ஷெட்டில் நின்ற பழைய 800-ல் பின் சீட்டு, ஜாக்கி, மேட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மண்தரையில் ஓட்டிப் பார்த்தேன். இழுவை சுகமாகத்தான் இருந்தது. பிரேக் பிடித்ததும் பின்பக்கம் நழுவி, வேப்பமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முன்சக்கர இழுவை வண்டி, எஞ்சின் எடையும் முன்னால், பின்னால் இருந்ததையும் நான் எடுத்துவிட்டேன். பின் சக்கரம் பிடிமானம் இல்லாமல் பூட்டிக்கொண்டது. பாதிக் குற்றம் மண்ணுக்கு, மீதி எனக்கு. மேஸ்திரி காதைத் திருகினார். ரோட்டு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படியும் தப்பு. பிறக்கும்போதே லேசாகப் பிறந்த வண்டியைத்தான் தேட வேண்டும்.

தேடியதில் கிடைத்த பதில் ஆல்டோ கே10. 2010-ல் வந்தது. 998 சி.சி., சுமார் 67 பி.எச்.பி., எடை ஏறக்குறைய 750 கிலோ. டன்னுக்கு 89! பழைய வண்டியாக எடுத்தால் தரைத் தகட்டில் துரு இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள், மெல்லிய தகட்டுக்கு அதுதான் எமன். 15 வருஷம் முடிந்த வண்டி என்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவைப் புதுப்பிக்கிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ரஞ்சன்குடி கோட்டை வரைக்கும் ஒரு கே10-ஐ ஓட்டிப் பார்த்தார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு. இறங்கிக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிடா. எதிர்ல என்னை மாதிரி ஒருத்தன் லோடோட வந்தா?" என்றார்.

இதற்கு என் கணக்கில் பதில் இல்லை. லேசான வண்டி சீக்கிரம் நிற்கும், சீக்கிரம் ஒதுங்கும். ஆனால் மோதினால் கனமானதுதான் ஜெயிக்கும். புதுக் கார்களுக்கு 2019 ஏப்ரலில் ஏ.பி.எஸ்., ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமாயிற்று. அந்த வருஷத்துக் கே10-ஆகப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. விலை கூடுதல். அம்மா போடுகிற சீட்டு பங்குனியில் முடிகிறது. அதுவரை ஞாயிறுதோறும் ஷெட்டில் கண்ணில் படுகிற கே10-க்கெல்லாம் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.