மொட்டை மாடியில் ஒரு சோக்கு!

"சோக்கு" என்றதும் பழைய டியூப் லைட்தானே நினைவுக்கு வருகிறது? இது வேறு சோக்கு. கடையில் தேட வேண்டாம். வீட்டிலேயே செய்யலாம்.

இது "ஹாம்" வானொலிக்காரர்களுக்கு வேண்டிய பொருள். அரசாங்கத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, சொந்த நிலையத்தில் இருந்து உலகத்தோடு பேசுகிறவர்கள் அவர்கள். (உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம்!)

புதுச்சேரிக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தப் பகுதியின் அழைப்புக் குறி "எப்.என்.8". 1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கை மாறியது. ஹாம்களின் உலகப் பட்டியலில் இருந்தும் "பிரெஞ்சிந்தியா" நீக்கப்பட்டது. இப்போது நமக்கு இந்தியாவின் "வி.யு."தான்.

வீட்டுக்குள் வரும் மின்சாரம்

ஏரியலில் இருந்து இறங்கும் கேபிளை வெட்டிப் பாருங்கள். நடுவில் செம்புக் கம்பி. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக். அதன்மேல் செம்பு வலை. அதற்கும் மேல் கறுப்பு உறை.

கம்பியிலும், வலையின் உட்புறத்திலும் ஓடும் மின்சாரம் சமம்; எதிரெதிர்த் திசை. அதனால் வெளியே தெரியாது. ஆனால் ஏரியல் சேரும் இடத்தில் ஒரு பங்கு தப்பி, வலையின் வெளிப்புறமாகக் கீழே இறங்கிவிடும். பேசும்போது மைக் உதட்டைச் "சுரீர்" என்று சுடும். புதுச்சேரியின் பழைய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் இவர் குரல் கரகரக்கும். சண்டைக்குக் கேட்க வேண்டுமா?

இன்னொரு கெடுதலும் உண்டு. எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் ஆகியவற்றின் இரைச்சல் அதே வழியில் மேலே ஏறி, ஏரியலில் கலந்துவிடும். தொலைவில் இருந்து வரும் மெல்லிய குரல் அதில் மூழ்கிப் போகும்.

மெல்லிய குரல்தானே என்று விட முடியாது. 2004 டிசம்பர் 26-ல் நம் கரையைத் தாக்கிய சுனாமி அந்தமானையும் உலுக்கியது. தொலைபேசிகள் செயல் இழந்தன. அப்போது போர்ட் பிளேருக்கு வந்திருந்த ஹாம் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, வானொலி மூலம்தான் தீவுச் செய்திகளை வெளி உலகுக்கு அனுப்பினார்.

செய்வது எப்படி?

நாலு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று. ஏரியலில் இருந்து வரும் கேபிளில் சுமார் 20 அடியை அதன்மேல் நெருக்கமாக, வரிசையாகச் சுற்றுங்கள். பந்து போல் குழப்பிச் சுற்றினால் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் குறுக்கே தாவிவிடும். இரு முனைகளையும் கட்டி, ஏரியல் சேரும் இடத்துக்கு அருகில் தொங்க விடுங்கள். வெளிப்புற மின்சாரத்துக்கு இந்தச் சுருள் முட்டுக்கட்டை. உள்ளே போகும் செய்திக்குத் தடையே இல்லை!

ஆனால் இது சில அலைவரிசைகளில்தான் நன்றாக வேலை செய்யும். பல அலைவரிசைகளுக்கும் வேண்டுமானால் "பெரைட்" வளையம் வாங்க வேண்டும். மெல்லிய கேபிளைப் பத்துப் பன்னிரண்டு முறை அதற்குள் நுழைத்துச் சுற்றினால் போதும். விலைதான் கூடுதல். முதலில் குழாயில் சுற்றிப் பார்ப்பதே நல்லது.

கடற்காற்றை மறந்துவிடாதீர்கள். இணைப்பு முனையில் நீர் புகாத டேப்பை இறுகச் சுற்றுங்கள். உப்பு ஈரம் உள்ளே போனால் செம்பு வலை பச்சை பிடித்துக் கறுத்துவிடும். அந்தக் கேபிளை வெட்டி எறிய வேண்டியதுதான்.

எல்லாம் முடிந்ததா? சிறிது நேரம் பேசுங்கள். பிறகு பக்கத்து வீட்டு அம்மாளிடம், "ஸ்பீக்கரில் என் குரல் கேட்டதா, அம்மா?" என்று விசாரித்து வாருங்கள்.