எலும்பில் பதிந்த பணிவிடை

வாட்ஸ்அப்பில் வலம்வரும் கதை ஒன்று உங்களுக்கும் வந்திருக்கும். அமெரிக்க மானுடவியலாளர் மார்கரெட் மீடிடம், நாகரிகத்தின் முதல் அடையாளம் எது என்று ஒருவர் கேட்கிறார். மண்பானை, தூண்டில் முள், அரைக்கும் கல் என்று ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் காத்திருக்க, உடைந்து மறுபடி கூடிய ஒரு தொடையெலும்பைச் சொல்கிறார் மீட். காட்டில் கால் முறிந்த விலங்கு பிழைப்பதில்லை. எலும்பு கூடியிருக்கிறது என்றால், யாரோ கூடவே இருந்து தண்ணீரும் உணவும் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். நாகரிகம் அங்கேதான் தொடங்குகிறது என்று கதை முடியும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீட் இப்படிச் சொன்னதற்கு உறுதியான சான்று எதுவும் அகப்படவில்லை. தேடிப் போனவர்களுக்குக் கிடைத்த பழைய அச்சுத் தடயம், மீட் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து 1980இல் வெளிவந்த ஒரு புத்தகம். அதை எழுதிய இருவரில் ஒருவர் நமக்குப் பக்கத்து ஆள்தான். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். மீட்டின் உரையொன்றில் கேட்டதாக அவர் நினைவுகூர்ந்ததைத்தான் இன்று உலகமே ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறது.

சொன்னவர் யாராக இருந்தாலும், அறிவியல்படி கதையில் ஓட்டை இருக்கிறது. அடால்ஃப் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் காட்டு கிப்பன் குரங்குகளின் எலும்புக்கூடுகளை நூற்றுக்கணக்கில் ஆராய்ந்தார். மரத்துக்கு மரம் தாவி வாழும் அந்தக் குரங்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு எலும்பு எங்கோ முறிந்து தானாகவே கூடியிருந்தது. கட்டுப்போட யாரும் இல்லை, இரை கொண்டுவந்து கொடுக்கவும் ஆள் இல்லை. ஆகவே கூடிய எலும்பைக் கண்டதும் அன்பு என்று தீர்ப்பெழுதிவிட முடியாது.

அப்படியானால் ஓர் எலும்பைப் பார்த்து, இவரை யாரோ பார்த்துக்கொண்டார்கள் என்று எப்போதுதான் சொல்லலாம்?

எலும்பு செத்த பொருள் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒருவகைச் செல்கள் அதை அரித்துக்கொண்டே இருக்கும், இன்னொருவகைச் செல்கள் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் பாரம் விழுகிறதோ அங்கே கட்டுமானம் பலப்படும். பாரம் இல்லாத இடத்தில் அரிப்பு முந்திக்கொள்ளும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892லேயே இதை ஒரு விதியாக எழுதிவைத்தார். எடையற்ற விண்வெளியில் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பு, தொடைப் பகுதி எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைந்துபோகிறது. பூமியில் படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு நடப்பதும் இதுவே. ஆகையால் ஓர் எலும்பின் தடிமனைப் பார்த்து, அந்தக் கை வேலை செய்ததா, அந்தக் கால் தரையில் ஊன்றியதா, ஊன்றாமல் எத்தனை காலம் போயிற்று என்றெல்லாம் ஓரளவு கணிக்கலாம்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வியட்நாமுக்குப் போவோம்.

வட வியட்நாமின் நின் பின் மாகாணத்தில் மான் பாக் என்ற இடம். அங்கே 2007இல் அகழ்ந்த ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகக் குழுவினர், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய இடுகாட்டில் ஒரு குழியைத் திறந்தார்கள். மற்றவர்களையெல்லாம் மல்லாக்க, கால் நீட்டிக் கிடத்திப் புதைத்திருந்தார்கள். இந்த ஒருவர் மட்டும் பக்கவாட்டில், கருவில் சுருண்ட குழந்தையைப் போலக் கிடந்தார். இருபதுகளில் இறந்த இளைஞர். கை கால் எலும்புகள் குச்சியாக மெலிந்திருந்தன. கழுத்து முள்ளெலும்புகளும் அவற்றுக்குக் கீழே இருந்தவையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே துண்டாகியிருந்தன. தலை ஒருபக்கம் திருகி நின்றது. கிளிப்பல்-ஃபெயில் என்ற பிறவிக் குறைபாடு இது.

எலும்புகளை ஆராய்ந்த லோர்னா டில்லியும் மார்க் ஆக்ஸன்ஹாமும் 2011இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பதின்பருவத்தை எட்டுவதற்கு முன்பே அவருக்கு இடுப்புக்குக் கீழே முழுவதும் செயலிழந்துவிட்டது. கைகளும் ஏறக்குறைய உதவாமல் போய்விட்டன. அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் அளவில் அவர் வாழ்ந்திருக்கிறார்.

அந்த ஊருக்கு உலோகம் தெரியாது. மீன்பிடித்து, வேட்டையாடி, பாதி காட்டுத்தனம் மாறாத பன்றிகளை வளர்த்துப் பிழைத்த மக்கள். நாள் முழுக்க உழைத்தால்தான் வயிறு நிறையும் என்ற நிலையில், கரண்டி பிடிக்கவும் முடியாத ஒருவர் பத்து ஆண்டுகள் இருந்திருக்கிறார். முறிந்த காலைப் போலக் காத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும் பிரச்சினை இல்லை இது. கிப்பன் குரங்கு வாதம் இங்கே செல்லாது.

என்னென்ன செய்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஊட்டிவிட வேண்டும். திருகிய கழுத்தில் புரையேறாமல் பார்த்து, மெல்ல எளிதாகக் குழைத்துக் கொடுக்க வேண்டும். மலமும் சிறுநீரும் தானறியாமல் போகக்கூடும், ஒவ்வொரு முறையும் துடைத்துக் கழுவ வேண்டும். குளிரில் போர்த்தி, வெயிலில் நிழலுக்கு நகர்த்த வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. படுத்திருப்பவரை விடாமல் புரட்டிப் போட வேண்டும்.

பால் பிராண்ட் இங்கே மறுபடி வருகிறார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். வேலூரில் பிராண்ட் கவனித்தது வேறு. நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது. வலி இல்லாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், செருப்புக்குள் ஆணி குத்தினாலும் தெரிவதில்லை, காயம் காயத்தின்மேல் சேர்ந்து விரல் போகிறது. சில நோயாளிகளுக்கு இரவு தூங்கி எழுந்தால் விரல் நுனி குறைந்திருந்தது. ஏன் என்று புரியாமல் இரவில் காவல் இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எலி கடித்துக்கொண்டிருந்தது. வலிக்காத விரல், தூங்குபவரை எழுப்பவில்லை. அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகளிடம் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்களாம். மருத்துவ வரலாற்றில் எனக்குப் பிடித்த மருந்துச்சீட்டு இதுதான்.

பிராண்ட் பின்னர் அழுத்தத்தைப் பற்றியும் நிறைய ஆராய்ந்தார். ஒரே நிலையில் உட்கார்ந்திருந்தால் நாம் நம்மை அறியாமல் அசைகிறோம், சாய்கிறோம், கால் மாற்றிப் போடுகிறோம். தூக்கத்திலும் புரண்டுகொண்டே இருக்கிறோம். எலும்புக்கும் பாய்க்கும் நடுவில் நசுங்கும் தசை, இரத்தம் வரவில்லை என்று மெல்ல முனகுவதற்கு உடல் தரும் பதில் அந்த அசைவு. தோலின் நுண்குழாய்களில் இரத்தம் ஓடும் அழுத்தம் சுமார் 30 மில்லிமீட்டர் பாதரசம் மட்டுமே. இடுப்பெலும்பின் பின்புறம், தொடையின் பக்கவாட்டு மூட்டு, குதிகால் போன்ற இடங்களில் உடலின் எடை அதைவிடப் பல மடங்கு அழுத்தும். சில மணி நேரம் அப்படியே இருந்தால் தசை சாகத் தொடங்கிவிடும். தண்டுவடம் செயலிழந்தவருக்கு அந்த முனகலும் கேட்காது, கேட்டாலும் அசைய முடியாது.

படுக்கைப்புண் இப்படித்தான் வருகிறது. பார்த்துப் பழகிய செவிலியர்களுக்கு அதன் முதல் அறிகுறி தெரியும். தோலில் ஒரு சிவந்த திட்டு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவந்து நின்றால் உள்ளே கெடுதல் தொடங்கிவிட்டது. கவனிக்காமல் விட்டால் சில நாளில் குழியாகும், எலும்பு வரை இறங்கும், எலும்பில் சீழ் பிடிக்கும், இரத்தத்தில் நஞ்சேறி ஆளைக் கொல்லும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள் என்று மருத்துவமனைகளில் சொல்வது இதனால்தான். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 12 முறை. பத்து ஆண்டுகளுக்கு 43,000 முறைக்கு மேல். மான் பாக்கில் கடிகாரமும் இல்லை, ஏர் பெட்டும் இல்லை, ஆன்டிபயாடிக்கும் இல்லை. அங்கே எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் போதுமான அளவு புரட்டினார்கள், அதுவும் இரவில் எழுந்து புரட்டினார்கள் என்பதற்கு, அவர் அத்தனை ஆண்டுகள் உயிரோடு இருந்ததே சாட்சி.

பிறரைப் பராமரிப்பது என்றால் இளகிய மனம் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். மனம் எப்படி இருந்தது என்பதை எலும்பு சொல்லாது. அந்த இளைஞரைப் புரட்டிய கை முணுமுணுத்துக்கொண்டே புரட்டியிருக்கலாம், அலுப்பில் திட்டியும் இருக்கலாம். அவர் உடல் தனக்குத்தானே செய்துகொள்ள முடியாததை இன்னோர் உடல் ஏற்றுச் செய்தது, அதுவும் நாள் தவறாமல் செய்தது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். பராமரிப்பு என்பதற்கு இதைவிடத் திருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. எலி கடிக்காமல் காவல் காத்த அந்தப் பூனைகூட இந்த விளக்கத்துக்குள் வந்துவிடும்!

இந்தத் துறையிலேயே ஓர் எச்சரிக்கைக் குரலும் உண்டு. கேத்தரின் டெட்வைலர் என்ற மானுடவியலாளர் 1991இல் ஒரு கட்டுரை எழுதினார். எலும்பில் ஊனத்தைக் கண்டவுடனே, இவர் ஒன்றுக்கும் உதவாதவர், மற்றவர்கள் இரக்கப்பட்டுச் சோறு போட்டார்கள் என்று நீங்களே எப்படி முடிவுகட்டுகிறீர்கள் என்பது அவர் கேள்வி. சரியான கேள்வி.

ஈராக்கின் வடக்கே ஷானிதர் குகையில் 1957இல் ரால்ஃப் சொலெக்கி குழுவினர் தோண்டியெடுத்த நியாண்டர்தால் மனிதரைப் பாருங்கள். முகத்தில் விழுந்த பலத்த அடியால் இடது கண்ணில் பார்வை போயிருக்கக்கூடும். வலது கை சூம்பி, முழங்கைக்கு மேலேயே முடிந்துவிட்டது. நடை நொண்டல். இரு காதுத் துளைகளிலும் எலும்பு வளர்ந்து அடைத்திருந்ததால் காதும் சரியாகக் கேட்டிருக்காது என்று 2017இல் வெளியான மறுஆய்வு சொல்கிறது. இத்தனையோடும் 40 வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார், அந்தக் காலத்துக்கு அது முதுமை. கூட்டத்தின் துணையில்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் அவருடைய முன்பற்கள் வழக்கத்துக்கு மீறித் தேய்ந்திருந்தன. இல்லாத கைக்குப் பதிலாகப் பல்லால் எதையோ கவ்விப் பிடித்து வேலை செய்திருக்கிறார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சும்மா உட்கார்ந்து சாப்பிட்டவர் அல்லர்.

போர்னியோவில் லியாங் தெபோ குகையில் கிடைத்தவரின் கதை இன்னும் வியப்பு. 2022இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு அது. 31,000 ஆண்டுகளுக்கு முன், சிறுவயதிலேயே ஒருவருக்கு இடது காலின் கீழ்ப்பகுதியைத் திட்டமிட்டு வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டிய இடம் சீழ் பிடித்த அடையாளமே இல்லாமல் ஆறியிருந்தது. அதன்பின் 6 முதல் 9 ஆண்டுகள் வரை அந்த ஆள் மலைப்பாங்கான நாட்டில் ஒற்றைக் காலோடு வாழ்ந்து, 20 வயதை ஒட்டி இறந்திருக்கிறார். இரத்தம் நிறுத்தியவர்கள், புண்ணைக் கழுவியவர்கள், ஆறும்வரை சுமந்தவர்கள் என்று அந்த ஒற்றைக் காலுக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருந்திருக்க வேண்டும்.

டெட்வைலரின் கேள்விக்குப் பதில் தேட நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1981இல் தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று வளர்ந்தது அந்த அமைப்பு. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நாளை யாரோ ஓர் ஆய்வாளர் அவரைப் போன்ற ஒருவரின் எலும்புகளை மட்டும் பார்த்தால், மெலிந்த கைகால்களைக் கண்டு பாவம் என்று குறிப்பெழுதிவிட்டுப் போகக்கூடும்.

எலும்பு சொல்லாத விஷயம் இன்னொன்றும் இருக்கிறது. மான் பாக் இடுகாட்டில் அந்த இளைஞரைப் பராமரித்தவரும் அநேகமாகப் பக்கத்திலேயே எங்கோ கிடக்கிறார். தாயோ, அக்காவோ, தம்பியோ, மாறி மாறிச் செய்த பலரோ தெரியாது. பராமரிக்கப்பட்டவரின் எலும்பில் வரலாறு பதிந்திருக்கிறது. பராமரித்தவரின் எலும்பில், இவர்தான் என்று காட்டும் அடையாளம் எதுவும் இல்லை.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. பக்கவாதம் வந்து படுத்த அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, அவர் உடம்பை விசாரித்துவிட்டுப் போகிறார்கள். இரவில் இரண்டு முறை, மூன்று முறை எழுந்து அவரைப் புரட்டும் அம்மாவையோ மருமகளையோ, நீ தூங்கினாயா என்று கேட்பவர் குறைவு. உங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு வீடு இருந்தால் அடுத்தமுறை ஓர் இரவு தங்கிப் புரட்டும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். முதுகுக்குத் தலையணை வைப்பது, விரிப்பைப் பிடித்து உருட்டுவது, சிவந்த இடத்தை அழுத்திப் பார்ப்பது எல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவைதான். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடமோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடமோ கேளுங்கள், சொல்லித் தருவார்கள்.